பல இலக்குகளை ஒரே நேரத்தில் பிங் செய்து நெட்வொர்க் கோளாறைப் பிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், வீடியோ காலில் எதிரில் இருப்பவர் பாதி வார்த்தையில் உறைந்து நிற்பார். ஒரு மணி நேரம் இந்தப் பாடு, அப்புறம் தானாகச் சரியாகிவிடும். நானும் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். கறுப்புத் திரையைத் திறந்து கூகுளின் பொது சர்வரான 8.8.8.8-க்கு பிங் ஓட விட்டேன். 20 மில்லிசெகண்டில் இருந்த பதில் நேரம் ஆறு மணிக்கு 500, 600 என்று எகிறியது. அதைப் படம் பிடித்து இணைய நிறுவனத்துக்கு அனுப்பினேன். "எங்கள் பக்கம் லைன் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்கள். மூன்று நாள் சண்டை.

அந்தப் பிங் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொன்னது ஒன்றே ஒன்றுதான்: என் மேசைக்கும் 8.8.8.8-க்கும் நடுவில் எங்கோ சிக்கல். அந்த 'எங்கோ' எது என்று ஒற்றை இலக்கால் சொல்ல முடியாது. வழி நெடுக வெவ்வேறு தூரத்தில் இருக்கும் நாலைந்து இலக்குகளைச் சேர்த்துக் கவனித்தால், எவை ஒன்றாகக் கெடுகின்றன, எவை அசையாமல் நிற்கின்றன என்பதை வைத்தே இடத்தைக் குறுக்கிவிடலாம். என் ஆறு மணிக் கதை எப்படி முடிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கருவி

பிங் நிரலை மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் ஒலிதான் அதற்குப் பெயர் தந்தது. ஒரு பாக்கெட்டை, அதாவது சிறு தகவல் பொட்டலத்தை அனுப்பி, அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதுதான் அதன் மொத்த வேலை. டிரேஸ்ரூட் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் 'இத்தனை ரவுட்டர் தாண்டலாம்' என்று ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானதும் அந்த ரவுட்டர் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'இங்கே காலாவதியாகிவிட்டது' என்று அனுப்பியவருக்குச் சேதி சொல்லும். எண்ணை 1, 2, 3 என்று கூட்டி அனுப்பினால் வழியில் இருக்கும் ரவுட்டர்கள் வரிசையாக முகம் காட்டும். ஒவ்வொன்றையும் ஹாப் என்கிறோம்.

இன்றைய கண்காணிப்பு மென்பொருள்கள் எல்லாம் இந்த இரண்டையும் விடாமல் ஓட்டி, கிராஃபாக வரைபவைதான். படம் பார்த்துப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு பிங்பிளாட்டர் எளிது. ஒவ்வொரு இலக்குக்கும் ஹாப் வாரியான கிராஃப் தரும், எல்லா இலக்குகளையும் ஒரே சுருக்கப் பட்டியலாகவும் காட்டும். இலவசப் பயன்பாட்டில் இலக்குகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு எம்டிஆர் கைக்கு அடக்கமானது, ஆனால் ஒரு சாளரத்தில் ஒரு இலக்குதான். நாலு இலக்கு வேண்டுமென்றால் நாலு சாளரம். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருந்தால் டோபியாஸ் ஓட்டிக்கரின் ஸ்மோக்பிங்கைப் போடலாம். பல இலக்குகளை ஒரே பாய்ச்சலில் பிங் செய்யும் எஃப்பிங்தான் அதன் அடியில் வழக்கமாக வேலை செய்கிறது. 'சர்வர் உயிரோடு இருக்கிறதா' என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால் அப்டைம் கூமா போதும். ஆனால் எந்த ஹாப்பில் தாமதம் என்று அது காட்டாது.

எதை எடுத்தாலும் கீழே வரும் படிகள் ஒன்றுதான்.

படி 1: இலக்குகளை ஏணியாக அடுக்குங்கள்

இந்த வேலையில் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. கைக்கு வந்த பத்துத் தளங்களின் பெயரைப் போட்டு வைத்தால் பத்துக் கோடுகள் கிடைக்கும், விடை கிடைக்காது. ஒவ்வொரு இலக்கும் ஒரு கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும்.

முதல் இலக்கு உங்கள் ரவுட்டரே. பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. விண்டோஸில் ஐபிகான்ஃபிக் கட்டளை கொடுத்தால் 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் இருக்கும். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 'பக்கத்து அறையில் இருக்கும் பெட்டியைப் போய் யார் கண்காணிப்பார்கள்' என்ற நினைப்பு. வைஃபையில் இருப்பவர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான கோடு இதுதான்.

இரண்டாவது, இணைய நிறுவனத்தின் முதல் ஹாப். ஏதாவது ஒரு வெளி முகவரிக்கு டிரேஸ்ரூட் ஓட்டிப் பாருங்கள். உங்கள் ரவுட்டருக்கு அடுத்த வரியில் வருவது அதுவாக இருக்கும். அது 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தாலோ திகைக்க வேண்டாம். பொது முகவரிகளுக்குத் தட்டுப்பாடு என்பதால் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் நிறுவனங்கள் இவற்றைப் பயன்படுத்துகின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை: மோடத்துக்குப் பின்னால் சொந்தமாக இன்னொரு ரவுட்டர் வைத்திருந்தால், இரண்டாவது வரியும் உங்கள் வீட்டுப் பெட்டியாகவே இருக்கலாம். அந்த வரியில் நட்சத்திரக் குறிகள் மட்டும் வந்தால் அந்த ரவுட்டர் பதில் சொல்லும் வழக்கமே இல்லாதது. அதற்கு அடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, பொது டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரிகள் இரண்டு. 8.8.8.8, 1.1.1.1, 9.9.9.9 மூன்றும் வெவ்வேறு அமைப்புகளுடையவை. ஒன்று கெட்டு மற்றொன்று நன்றாக இருந்தால் உங்கள் லைன் மேல் பழி இல்லை என்று உடனே தெரியும், அதனால்தான் இரண்டு. ஆனால் இவை எனிகாஸ்ட் முறையில் இயங்குபவை. ஒரே முகவரிக்கு உலகம் முழுக்கப் பல இடங்களில் சர்வர்கள் இருக்கும், பொதுவாக உங்களுக்கு அருகில் இருப்பதே பதில் சொல்லும். ஆகவே 8.8.8.8 வேகமாக இருக்கிறது என்பதற்காக வெளிநாட்டு இணைப்பும் வேகமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நான்காவது, உண்மையில் தொல்லை கொடுக்கும் சேவை: விளையாட்டு சர்வர், அலுவலக விபிஎன் நுழைவாயில், வீடியோ கால் சர்வர், எதுவோ அது. முகவரி தெரியாவிட்டால் அந்தச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பக்கத்தைப் பாருங்கள். அந்தச் செயலி யாரோடு பேசுகிறது என்பது முகவரியோடு தெரியும்.

ஐந்தாவது, வேண்டுமென்றே தூரத்தில் ஒன்று. கண்ணாடி இழையில் ஒளி ஒரு செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்புவதைக் கணக்கிட்டால் ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் குறைந்தது 1 மில்லிசெகண்ட். 5,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வர் 50-க்குக் கீழே வரவே முடியாது. வேறு கண்டத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் சர்வர் 4 மில்லிசெகண்டில் பதில் சொன்னால், அது அங்கே இல்லை, உங்கள் பக்கத்தில்தான் எங்கோ அதன் நகல் இருக்கிறது. அப்படியானால் தூர இலக்காக அது உதவாது, மாற்றுங்கள்.

இலக்கைப் பெயராகக் கொடுப்பதா, எண்ணாகக் கொடுப்பதா? நான் எண்ணாகத்தான் கொடுப்பேன். பெரிய தளங்களின் பெயர் இன்று ஒரு சர்வருக்கும் நாளை வேறொரு சர்வருக்கும் கூட்டிப் போகும். திங்கள்கிழமை கிராஃபையும் வியாழக்கிழமை கிராஃபையும் ஒப்பிடும்போது இரண்டும் ஒரே பெட்டிதானா என்று தெரியாமல் போய்விடும்.

படி 2: எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை?

குறைந்த இடைவெளி என்றால் நுணுக்கம் கூடும், கூடவே சுமையும் கூடும். கணக்குப் போட்டுவிடலாம். பத்து இலக்கு, ஒவ்வொன்றுக்கும் 12 ஹாப், ஒரு பாக்கெட் 84 பைட், 2.5 செகண்டுக்கு ஒரு சுற்று என்று வையுங்கள். சுற்றுக்கு 120 பாக்கெட், அதாவது 10,080 பைட். செகண்டுக்குச் சுமார் 4 கிலோபைட். இன்றைய பிராட்பேண்டில் இது ஒன்றுமே இல்லை. மொபைல் டேட்டாவில் ஓட்டினால் போகும்போதே ஒரு நாளைக்கு 350 மெகாபைட்டை நெருங்கும், பதில்களின் கணக்கு தனி. அங்கே இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது கடைசி ஹாப்பை மட்டும் அளக்கும்படி வையுங்கள்.

என் வழக்கம்: கோளாறைத் துரத்தும்போது 1 முதல் 2.5 செகண்ட், மாதக்கணக்கில் ஓடும் கண்காணிப்புக்கு 15 முதல் 60 செகண்ட். அடுத்தவர் சர்வரை ஒரு செகண்டுக்குள் பலமுறை தட்டாதீர்கள். அது மரியாதையும் இல்லை, தாக்குதல் என்று நினைத்து உங்களைத் தடுத்தும் விடுவார்கள். அப்புறம் அந்த இலக்கு எப்போதும் சிவப்பாகவே இருக்கும்.

மாதிரிகளின் எண்ணிக்கையும் முக்கியம். பத்து பாக்கெட்டில் ஒன்று தொலைந்தால் மென்பொருள் '10 சதவீதம் இழப்பு' என்று கத்தும். அதில் அர்த்தமே இல்லை. எதிர்ப்பக்கமும் பாருங்கள்: உண்மையிலேயே 1 சதவீதம் தொலைக்கும் லைனில் 100 பாக்கெட் அனுப்பினால், ஒன்றுகூடத் தொலையாமல் எல்லாம் திரும்பி வர 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 300 அனுப்பினால் அது 5 சதவீதமாகக் குறைகிறது. ஆகவே சில நூறு மாதிரிகளாவது சேரும்வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

படி 3: திரையை ஒழுங்குபடுத்துவது

இலக்குகளுக்குப் பெயர் வையுங்கள்: '1 ரவுட்டர்', '2 நிறுவன வாசல்', '3 டிஎன்எஸ் அ', '4 டிஎன்எஸ் ஆ', '5 ஆபீஸ்', '6 தூரம்'. முன்னால் எண் போட்டால் பட்டியல் ஏணி வரிசையில் நிற்கும். மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினாலே எந்த இடத்தில் நிறம் மாறுகிறது என்று தெரிந்துவிடும்.

எல்லாக் கிராஃபுக்கும் ஒரே நேர அளவு வையுங்கள். நிமிர்ந்து நிற்கும் அச்சின் உச்சத்தையும் 200 மில்லிசெகண்ட் என்பதுபோல ஒரே எண்ணில் பூட்டுங்கள். இதைச் செய்யாமல் நான் ஏமாந்திருக்கிறேன். தானாகவே அளவைச் சரிசெய்துகொள்ளும் கிராஃபில், ரவுட்டர் 1-லிருந்து 3 மில்லிசெகண்டுக்கு ஏறுவதும், தூர சர்வர் 100-லிருந்து 300-க்கு ஏறுவதும் அச்சு அசலாக ஒரே மலையாகத் தெரியும். இரண்டு மலைகளும் ஒரே நேரத்தில் எழுந்ததைப் பார்த்து 'வைஃபைதான் காரணம்' என்று கேபிள் வாங்கப் போய்விட்டேன்.

படி 4: நல்ல நாளையும் அளந்து வையுங்கள்

கோளாறு வந்த பிறகு கண்காணிப்பைத் தொடங்கினால், எது வழக்கம் என்றே தெரியாது. ஒரு முழு நாளாவது, முடிந்தால் ஒரு வாரம், ஓடவிடுங்கள். கம்ப்யூட்டர் தூங்கப் போகாதபடி அமைப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கிராஃபில் விழும் ஓட்டையை லைன் துண்டிப்பு என்று நினைத்துவிடுவீர்கள். கடிகாரம் இணையத்தோடு சரியாகப் பொருந்தி இருக்கட்டும். விபிஎன் ஓடும்போது பாக்கெட்டுகள் சுரங்கத்துக்குள் போவதால் நடுவில் இருக்கும் ஹாப்கள் மறைந்துவிடும், அதனால் விபிஎன் இல்லாமல் ஒரு தடவை, இருக்கும்போது ஒரு தடவை என இரண்டு பதிவு வேண்டும்.

கண்காணிக்கும் கம்ப்யூட்டரைக் கேபிளில் இணைப்பதே நல்லது. வைஃபை மேல்தான் சந்தேகம் என்றால், கேபிளில் ஒன்று, வைஃபையில் ஒன்று, இரண்டிலும் அதே இலக்குகள் என்று வைத்தால் வேறு சோதனையே தேவையில்லை.

படி 5: படிப்பது

இலக்குகளில் எவை சேர்ந்து கெடுகின்றன? இதுதான் முதல் கேள்வி, பெரும்பாலும் கடைசிக் கேள்வியும்.

ரவுட்டர் கோடே ஆடினால், அதற்கு மேல் உள்ளதைப் பார்க்கவே வேண்டாம். எல்லாம் அதோடு சேர்ந்து ஆடும். கேபிளில் 1 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டியது, வைஃபையில் ஒற்றை இலக்க எண்ணில் இருக்க வேண்டியது, 80, 150 என்று துள்ளினால் பிரச்சினை வீட்டுக்குள்தான். ரவுட்டர் அமைதியாக இருக்க, 'நிறுவன வாசல்' முதல் மேலே எல்லாம் ஒரே நேரத்தில் ஏறினால், மோடத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான இணைப்பு. வாசல் வரை சுத்தம், இரண்டு டிஎன்எஸும் சுத்தம், தூர இலக்கு மட்டும் கெடுகிறது என்றால் நிறுவனத்தைத் தாண்டிய வழித்தடம். ஒரே ஒரு சேவை மட்டும் கெட்டால் அந்தச் சேவையோ, அதற்குப் போகும் வழியோ.

இனி, நிறையப் பேர் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். ஒரு இலக்கின் ஹாப் பட்டியலில் 5-ஆவது ரவுட்டரில் 70 சதவீத இழப்பு, சிவப்பாக. 6, 7, 8-ஆவது ஹாப்களில் பூஜ்யம். 'ஆஹா, 5-இல்தான் கோளாறு' என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள்: 8-க்குப் போன ஒவ்வொரு பாக்கெட்டும் 5-ஐத் தாண்டித்தான் போனது. அங்கே 70 சதவீதம் தொலைந்திருந்தால் 8-க்கு எப்படி நூறும் போய்ச் சேர்ந்தது? ரவுட்டரின் வேலை பாக்கெட்டுகளைக் கடத்துவது, அதைத் தனி சிப்கள் வேகமாகச் செய்துவிடும். 'காலாவதி' சேதி எழுதி அனுப்புவதைப் பொதுவாக அதன் பொதுச் செயலி, நேரம் கிடைக்கும்போது, ஒரு வரம்புக்குள்தான் செய்யும். அந்த 70 சதவீதம், பதில் எழுதச் சோம்பல்பட்ட ரவுட்டர். அவ்வளவுதான். இழப்பு ஒரு ஹாப்பில் தொடங்கி கடைசி இலக்கு வரை தொடர்ந்தால் மட்டுமே கணக்கில் எடுங்கள். தாமதத்துக்கும் இதே விதி.

பல இலக்குகளை வைத்திருப்பதன் அருமை இங்கேயும் தெரியும். அந்த 5-ஆவது ரவுட்டர் வழியாகவே போகும் இன்னொரு இலக்கு சுத்தமாக இருந்தால், சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இன்னொரு நுணுக்கம்: நீங்கள் பார்ப்பது போகும் வழியை மட்டும். திரும்பி வரும் வழி வேறாக இருக்கலாம், அது எந்தக் கிராஃபிலும் தெரியாது. ஹாப் 7-இல் தொடங்குவதுபோல் தோன்றும் தாமதம், 7-இலிருந்து பதில் வேறு பாதையில் திரும்புவதாலும் வரலாம். நான் 'ஹாப் 7-இல் கோளாறு' என்று எழுதுவதில்லை, 'ஹாப் 7 முதல் தெரிகிறது' என்றுதான் எழுதுவேன்.

இலக்கு பிங்குக்கே பதில் தராவிட்டால் அது செத்துவிட்டது என்று பொருள் இல்லை. ஃபயர்வால் தடுத்திருக்கலாம். மென்பொருளில் பிங்குக்குப் பதில் டிசிபி இணைப்பு முறைக்கு மாற்றி, பாதுகாப்பான இணையதளங்கள் பயன்படுத்தும் 443-ஆம் போர்ட்டைக் கொடுத்துப் பாருங்கள்.

சரி, என் ஆறு மணிக் கதை. ஐந்து இலக்குகளை அடுக்கிய அன்று சாயங்காலம் ரவுட்டர் 1 மில்லிசெகண்டில் அசையாமல் நின்றது. வாசல் முதல் தூரம் வரை நாலும் ஒன்றாக 500-க்கு மேல் ஏறின. மேலே நான் எழுதியதன்படி, நிறுவனத்துக்குப் போகும் இணைப்பு. 'நான் சொன்னேன் அல்லவா' என்று போனை எடுத்துவிட்டேன். அப்புறம் அந்தக் கிராஃபைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் ஒன்று உறுத்தியது. கோடு சரிவாக ஏறவில்லை, சுவர்போல எழுந்திருந்தது. சரியாக 6:00:04. முந்தின நாள் 6:00:03.

அக்கம்பக்கத்தவர் எல்லாரும் சேர்ந்து லைனை அடைத்தால் கிராஃப் மேடுபோல மெல்ல ஏறி மெல்ல இறங்கும். மனிதர்கள் செகண்ட் பார்த்து இணையத்துக்கு வருவதில்லை. செகண்ட் பார்த்து வருவது ஏதோ ஒரு நேர அட்டவணை. வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டரின் பேக்கப்பை நானே ஆறு மணிக்கு வைத்து மறந்திருந்தேன். அது அப்லோடு முழுவதையும் நிரப்ப, மோடத்தின் வரிசையில் மற்ற பாக்கெட்டுகள் அரை செகண்ட் காத்துக் கிடந்தன. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். பேக்கப் வேகத்துக்கு வரம்பு வைத்து, ரவுட்டரில் இப்படி வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் வசதியையும் போட்ட பிறகு ஆறு மணி மற்ற மணிகளைப் போலவே ஆகிவிட்டது. நிறுவனத்தாரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்ல ஆசைதான்.

ஆகவே வாசலில் தாமதம் ஏறினால், நிறுவனத்தை அழைக்கும் முன் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே கம்ப்யூட்டரோடு ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

படி 6: அலர்ட்

ஒரு பாக்கெட் தொலைந்ததற்கெல்லாம் மணி அடித்தால் இரண்டே நாளில் அலர்ட்டை அணைத்துவிடுவீர்கள். 'கடந்த 5 நிமிடத்தில் இழப்பு 3 சதவீதத்துக்கு மேல்', 'பத்து மாதிரிகளின் சராசரி வழக்கத்தைப்போல இரு மடங்கு' என்பதுபோலத் தொடர்ச்சியைப் பார்க்கும்படி வையுங்கள். ரவுட்டருக்கும் வாசலுக்கும் அலர்ட் தேவையில்லை என்பது என் கருத்து. நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் சேவைக்கு மட்டும் வையுங்கள், மணி அடித்ததும் ஏணியைப் பார்த்தால் போதும். லைனே போய்விட்டால் மின்னஞ்சல் அலர்ட் எப்படி வரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரிலேயே ஒலி எழுப்பும்படியும் ஒன்று இருக்கட்டும்.

படி 7: ஆதாரமாகக் கொடுப்பது

வாடிக்கையாளர் சேவையில் இருப்பவருக்கு இருபது படங்கள் அனுப்பினால் ஒன்றையும் பார்க்க மாட்டார். மூன்று கிராஃப் போதும்: ரவுட்டர், நிறுவன வாசல், பாதிக்கப்பட்ட சேவை. மூன்றும் ஒரே நேர அளவில், ஒன்றின்கீழ் ஒன்றாக. கூடவே மூன்று வரிகள்: எந்தத் தேதி, எந்த மணி முதல் எந்த மணி வரை, கேபிளில் அளந்தது, வேறு எந்தக் கருவியும் இணைக்கப்படவில்லை, ரவுட்டர் வரை இழப்பு பூஜ்யம், வாசல் முதல் இத்தனை சதவீதம், 1,500 மாதிரிகளில். ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லும் முதல் பத்து நிமிட உரையாடல் இதனால் தானாகவே மிச்சமாகும். அனுப்பும் முன் படத்தில் உங்கள் பொது ஐபி முகவரி தெரிகிறதா என்று பார்த்து, பொது இடத்தில் பகிர்வதாக இருந்தால் மறைத்துவிடுங்கள்.

சரிசெய்துவிட்டோம் என்று அவர்கள் சொன்ன பிறகும் அதே இலக்குகள், அதே இடைவெளியோடு ஒரு வாரம் ஓடட்டும். பழைய பதிவை அழிக்காமல் 'முன்' என்று பெயரிட்டுச் சேமித்துவிட்டு, புதியதை 'பின்' என்று தொடங்குங்கள். மழை நின்றதும் மறைந்து, அடுத்த மழையில் திரும்பி வரும் கோளாறுகள் உண்டு. அப்போது அந்த 'முன்' கோப்பு கையில் இருக்க வேண்டும்.